பத்தொன்பது தாளிலும் ஒரே விடை

பள்ளிக்கூட வீடு
ஞாயிறு, மதியம்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உறையைப் பார்த்ததுமே என்ன ஆச்சோ ஏது ஆச்சோ என்று பதறுவாய். போன் இருக்கிற காலத்தில் யார், டீச்சர், கடிதம் எழுதுகிறார்கள் என்று அஞ்சல்காரரே கேட்டார். போனில் நமக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் பேச்சு ஓடுவதில்லை. அப்புறம் இரண்டு பேருமாகச் சேர்ந்து சிக்னல் மேல் பழியைப் போட்டுவிட்டு வைத்துவிடுகிறோம். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போகலாம், நீ நடுவில் வைக்க முடியாது.

நீ வேலை பார்க்கும் அந்தக் குளிர்க்கிடங்கில் கைக்கு இரண்டு உறையாகப் போட்டுக்கொள்கிறாயா? போன தடவை வீடியோவில் உன் விரல் முட்டியெல்லாம் வெடித்திருந்ததைப் பார்த்தேன். கேட்டால் வெளிச்சம் சரியில்லை என்றாய். பிள்ளைகள் கையைப் பார்த்தே எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று சொல்லுகிறவள் நான். என்னிடமா?

இங்கே பெரிதாகச் செய்தி ஒன்றும் இல்லை. பிள்ளைகள் நாற்பத்திரண்டு, வகுப்பு ஐந்து, அறை ஒன்று, டீச்சர் ஒன்று. ஒன்றாம் வகுப்புக்கு எழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுத் திரும்புவதற்குள் மூன்றாம் வகுப்பில் ஒருத்தன் பக்கத்தில் இருப்பவளின் பென்சிலைக் கடித்துத் துப்பியிருப்பான். நாலு மணிக்கு மணி அடித்தால் ஐந்தே நிமிடத்தில் பள்ளிக்கூடம் நிற்கிற இந்த மேடு மொத்தமும் காலி. அப்புறம் மறுநாள் காலை ஒன்பது வரைக்கும் என்னிடம் பேச ஒரு ஜீவன் கிடையாது. முன்பெல்லாம் ரேடியோவோடு சண்டை போடுவேன். இப்போது செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு சிவப்புப் பேனாவால் திருத்துகிறேன். நேற்று முதல் பக்கத்துக்கு நூற்றுக்கு அறுபத்திரண்டு போட்டேன். சிரிக்காதே. தனியாக இருந்து பார், நீயும் செய்வாய். ஐயோ, என்ன எழுதுகிறேன் பார், நீயும் அங்கே தனியாகத்தானே இருக்கிறாய்.

ஒரே ஒரு விஷயம் புதிது. போன மாதம் பள்ளி விடுகிற நேரத்துக்கு ஸ்கூட்டரில் ஒரு பெண் வந்து இறங்கினாள். தலைக்கவசத்தைக் கழற்றினால் கல்லூரியில் படிக்கிறவள் மாதிரி இருக்கிறாள். கீழே பாலத்தடியில் இருக்கும் பள்ளிக்கு அவள்தான் டீச்சராம், மூன்று வருஷமாக. வந்ததும் வராததுமாக, "அக்கா, இந்த ஆத்தோரமா ஏழு பள்ளிக்கூடம் இருக்கு. ஏழுலயும் ஒரே ஒரு டீச்சர்தான். நாம ஏழு பேரும் ஒருத்தர் மொகத்த ஒருத்தர் பாத்ததே இல்ல. இது நியாயமா?" என்று என்னையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிற மாதிரி கேட்டாள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஏழு பேரும் கூடலாமாம், ஒவ்வொரு மாதம் ஒவ்வொரு பள்ளியில். இருப்பதைப் பகிர்ந்துகொள்ளலாம், தெரியாததைக் கேட்டுக்கொள்ளலாம் என்றாள்.

எனக்குத் தெரியாதது என்று என்ன இருக்கிறது என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. டீ போட்டுக் கொடுத்து, பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினேன். பார்க்கலாம் என்றால் மாட்டேன் என்று அர்த்தம் என்பது அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. சனிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கையில் இன்னொரு தலைக்கவசத்தோடு வந்து வாசலில் நின்றாள். இந்த வயதில் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, பாலத்தடி வரைக்கும் போனேன்.

ஏழு பேரும் சின்னப் பிள்ளைகள் பெஞ்சில் முழங்கால் மூக்கில் இடிக்க உட்கார்ந்தோம். முதல் பத்து நிமிடம் யாரும் வாய் திறக்கவில்லை. அப்புறம் திறந்தோம் பார், ஏழு பேரும் ஒரே நேரத்தில்! எல்லோருமே நாள் முழுக்கப் பேசிப் பழகியவர்கள், எதிர்ப்பேச்சுக் கேட்டுப் பழகாதவர்கள். செங்கல்சூளைப் பக்கத்துப் பள்ளி சார் ஒருவர் மட்டும் தணிந்த குரலில், பிள்ளைகள் தாளை நாமே திருத்தக் கூடாது, மாற்றிக்கொள்ள வேண்டும் என்றார். "நம்ம பிள்ளை என்ன எழுத வந்தான்னு நமக்குத் தெரிஞ்சிடும். மார்க் தானா விழுந்துடும்" என்றார். அதுவும் உண்மைதான். ஏழு பள்ளிக்கும் பொதுவாக ஒரு கணக்குத் தாள் என்று முடிவாயிற்று. யார் பள்ளியில் தொடங்கலாம் என்று ஒவ்வொருவரும் தரையைப் பார்த்தபோது, என் பள்ளியிலிருந்தே தொடங்குங்கள், என் பிள்ளைகள் கணக்கில் புலி என்று நான்தான் சொன்னேன்.

திரும்பி வந்து பூட்டைத் திறக்கும்போது தொண்டை கட்டியிருந்தது. பெரியவர்களோடு பேசித் தொண்டை கட்டி எத்தனை வருஷம் ஆயிற்று தெரியுமா? அன்றைக்குச் சிவப்புப் பேனாவை எடுக்கவே இல்லை.

விடுப்புக் கிடைத்தால் வா. ஆறு வருஷம் ஆயிற்று என்று நான் சொல்லிக்காட்ட மாட்டேன். வேளைக்குச் சாப்பிடு. நோய்நொடி இல்லாமல் நல்லபடியாக இரு, கண்ணா.

அன்புடன்,
அம்மா


பள்ளிக்கூட வீடு
புதன், மாலை ஐந்து மணி

அன்புள்ள மகனுக்கு,

அம்மாதான் மறுபடியும். உன்னிடமிருந்து பதில் வரவில்லை. வேலை அதிகமாக இருக்கும், இல்லாவிட்டால் தபால் எங்கேயாவது தூங்கிக்கொண்டிருக்கும். நான் கோபித்துக்கொள்ளவில்லை, சும்மா சொன்னேன்.

முதலில் நல்ல சேதி. எங்கள் ஏழு பள்ளிக்கும் நடுவே ஒரு பச்சைத் தகரப்பெட்டி சுற்றிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு பள்ளியும் தன்னிடம் இருப்பதை அதில் போட்டிருக்கிறது. ஒருவர் உலக உருண்டை, ஒருவர் தராசு, ஒருவர் முப்பது கதைப் புத்தகம். நான் பூதக்கண்ணாடி கொடுத்தேன். பதினைந்து நாள் ஒரு பள்ளியில், அப்புறம் அடுத்த பள்ளிக்குப் பஸ் ஏறும். அந்தப் பெட்டிக்குக் கண்டக்டர் முன் சீட்டே ஒதுக்குகிறார் என்றால் பார்த்துக்கொள். உருண்டை எங்களிடம் வந்த அன்றைக்கு வகுப்பே நடக்கவில்லை. பிள்ளைகள் போனபிறகு நான் உன் இடத்தைத் தேடிப் பிடித்தேன். நம் மேட்டிலிருந்து நாலு விரற்கடை தூரம்தான் இருக்கிறது. விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

இன்னொன்று. இரண்டு நாள் காய்ச்சலில் படுத்துவிட்டேன். இப்போது சரியாகிவிட்டது, அதனால்தான் சொல்கிறேன். இத்தனை வருஷமும் நான் படுத்தால் பள்ளிக்கூடமும் படுத்துவிடும். இந்தத் தடவை பாலத்தடிப் பெண் நாலு பேருக்குப் போன் போட்டிருக்கிறாள். மழைக்காலமானதால் சூளை மூடி, கூலிக் குடும்பங்கள் ஊருக்குப் போய்விட, சூளைப் பள்ளியில் பதினொரு பிள்ளைகள்தான் மிச்சமாம். அந்த சார் பதினொன்றையும் பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு வந்து, என் நாற்பத்திரண்டோடு சேர்த்து உட்கார வைத்துப் பாடம் நடத்தினார். நான் கட்டிலில் படுத்தபடி சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த மனுஷன் ஒரு தடவைகூடச் சத்தம் போடவில்லை. பிள்ளைகளும் கத்தவில்லை. எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது.

இனி வயிற்றெரிச்சல். அந்தப் பொதுக் கணக்குத் தாள் நடந்தது. கேள்வி தயாரித்தவரும் சூளைப் பள்ளி சார்தான், என் பிள்ளைகள் தாளைத் திருத்தியவரும் அவர்தான். நாலாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்புமாகப் பத்தொன்பது பேர் எழுதினார்கள். ஏழாவது கேள்வி: 15 − 6 + 4. பத்தொன்பது பேரும் 5 என்று எழுதியிருக்கிறார்கள். விடை 13 என்கிறார் அவர்.

நான் சொல்லிக்கொடுப்பது உனக்கும் தெரியும். அடைப்புக்குறி, வகுத்தல், பெருக்கல், கூட்டல், கழித்தல் என்று வரிசை. கூட்டல் முன்னால் வருகிறது. ஆகவே முதலில் ஆறையும் நாலையும் கூட்டிப் பத்து. பதினைந்தில் பத்துப் போனால் ஐந்து. இருபத்தொரு வருஷமாக இந்த மேட்டில் இப்படித்தான். அவர் சொல்வது, கூட்டலும் கழித்தலும் சரிசமம், எது முன்னால் நிற்கிறதோ அதை முன்னால் செய்துகொண்டே போக வேண்டும் என்று. பாடப்புத்தகத்தில் பெரும்பாலும் கூட்டல்தான் முன்னால் இருக்கும். 15 + 4 − 6 என்று வந்தால் எப்படிப் போட்டாலும் 13தானே? அதனால் எங்கேயும் இடிக்கவே இல்லை. நானும் புத்தகத்தைத் திறக்காமலே கணக்கு நடத்துவேன் என்று பெருமை பேசிக்கொண்டு திரிந்தேன். தேர்வுத் தாள் எடுப்பதும் நான், திருத்துவதும் நான். தானே ராஜா, தானே மந்திரி.

மார்க் பட்டியலுக்குள் ஒரு துண்டுச் சீட்டை நாலாக மடித்து வைத்திருந்தார், மற்றவர்கள் கண்ணில் படாதபடி. "டீச்சர், தவறாக எண்ண வேண்டாம். ஒரு பிள்ளை தவறாகப் போட்டால் அது பிள்ளையின் தவறு. பத்தொன்பது பிள்ளைகளும் ஒன்றுபோலப் போட்டிருக்கிறார்கள். உங்கள் பள்ளிக்கு வந்த புத்தகத்தில் அச்சுப்பிழை இருக்குமோ?" என்று எழுதியிருந்தார்.

நல்ல மனுஷன். எனக்கு ஒரு வழியைத் திறந்து வைத்துவிட்டு ஒதுங்கி நின்றுகொண்டார். தாள்கட்டைக் கொண்டுவந்த கண்டக்டர் வேறு, டீச்சர் பதில் உண்டா, வண்டி கிளம்பணும் என்று அவசரப்படுத்தினார். அந்தச் சீட்டின் பின்பக்கத்திலேயே, ஆமாம் சார், அச்சுப்பிழைதான் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தேன். மறையுமா? தனியாக இருந்தவரைக்கும் என் பொய் என்னோடு இருந்திருக்கும். இப்போதுதான் ஏழு பேர் ஆகிவிட்டோமே. அவர் பாலத்தடிப் பெண்ணிடம் சொல்ல, அவள் மற்ற நாலு பேரிடமும் சொல்ல, ஆறு பள்ளியிலும் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் புத்தகத்தில் சரியாகத்தான் இருக்கிறது, உங்களுக்கு மட்டும் வேறு அச்சு வந்திருக்கிறது போல, அடுத்த கூட்டத்தில் அந்தப் புத்தகத்தைக் காட்டுங்கள் அக்கா என்று சொல்லியனுப்பியிருக்கிறாள். அடுத்த கூட்டம் என் பள்ளியில்தான்.

நான் தப்பு என்று இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. நீ கீழே பெரிய பள்ளிக்கூடத்தில் படித்தவன். உனக்கு ஞாபகம் இருக்கும், நீ ஆறாம் வகுப்புச் சேர்ந்த புதிதில் இதே பேச்சு வந்தது. உன் கணக்கு வாத்தியாருக்கு நான் இரண்டு பக்கம் எழுதி, ஒட்டி, உன்னிடமே கொடுத்தனுப்பினேன். மனுஷன் பதிலே போடவில்லை. சொல்ல விஷயம் இருந்தால்தானே என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். இன்றைக்கு அந்த நினைப்பு இனிக்கவில்லை.

எனக்கு ஒரே ஒரு வரி எழுது. ஐந்தா, பதிமூன்றா? யாரிடமும் கேட்க முடியாது. உன்னைத்தான் கேட்க முடியும். உனக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும்.

அம்மா


பள்ளிக்கூட வீடு
ஞாயிறு, காலை

என் கண்ணுக்கு,

நீ பதில் எழுத வேண்டாம். விடை எனக்குக் கிடைத்துவிட்டது.

கூட்டத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை, பிள்ளைகள் போனதும் நாற்காலி போட்டு ஏறிப் பரணிலிருந்து உன் பெட்டியை இறக்கினேன். உன் பழைய புத்தகங்களில் எதிலாவது நிஜமாகவே ஓர் அச்சுப்பிழை இருந்துவிடாதா என்று ஒரு நப்பாசை. ஒன்று அகப்பட்டால் போதும், தூசி தட்டி மேசை மேல் வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வேன். இல்லை. புத்தகத்தில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. அடியில் உன் கணக்கு நோட்டு மூன்று இருந்தது, ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்பு, எட்டாம் வகுப்பு.

ஆறாம் வகுப்பு நோட்டை முன்பக்கமாகத் திறந்தால், நான் பார்த்ததே இல்லாத பக்கங்கள். உன் வாத்தியாரின் சிவப்பு டிக். பின்பக்கமாகத் திருப்பித் திறந்தால் அதே கணக்குகள், நான் சொல்லிக்கொடுத்த மாதிரி, என் சிவப்பு டிக். முன்னால் 13 வருகிற வழி. பின்னால் 5 வருகிற வழி. தினமும் நீ பின்பக்கத்தை விரித்து என்னிடம் நீட்டியிருக்கிறாய், நானும் டிக் போட்டு, சபாஷ் என்று எழுதியிருக்கிறேன். மூன்று வருஷம், மூன்று நோட்டு. ஒரே கணக்கை இரண்டு தடவை போட்டிருக்கிறாய். பத்தாம் வகுப்போடு படிப்புப் போதும் என்று நீ சொன்னபோது, பையனுக்குப் படிப்பில் நாட்டமில்லை என்று எல்லோரிடமும் நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

முதல் நோட்டின் அட்டைக்குள் நான் உன் வாத்தியாருக்கு எழுதிய கடிதம் இருந்தது. ஒட்டியது ஒட்டியபடி. நீ அதைக் கொடுக்கவே இல்லை.

போன கடிதத்தில் நான் ஒன்றை எழுதாமல் விட்டேன். மறந்து விடவில்லை, வேண்டுமென்றேதான் விட்டேன். ஆறாம் வகுப்பில் இந்தப் பேச்சு வந்த அன்றைக்கு நீ தாளைக் கொண்டுவந்து, "நீ சொன்னது தப்பாம்மா?" என்றுதான் கேட்டாய். தப்பு என்று நீ சொல்லவில்லை, கேட்டாய். நான் உன் கன்னத்தில் அறைந்தேன். அந்த வருஷம் உனக்குப் பதினொரு வயது. அறை வாங்கிய கையோடு கடிதத்தையும் வாங்கிக்கொண்டு, கொடுத்துவிட்டேன் என்று மறுநாள் சொன்னாய். உன் அம்மாவைப் பார்த்து ஒரு பள்ளிக்கூடமே சிரிக்கக் கூடாது என்று நினைத்தாயா? அடித்தவளைக் காப்பாற்ற யாரடா உனக்குச் சொல்லிக்கொடுத்தது? சத்தியமாக நான் இல்லை.

உன் அப்பா போனபிறகு உன்னைக் கையில் பிடித்துக்கொண்டு இந்த மேட்டுக்கு வந்தவள். எனக்கு மேலே யாரும் இல்லை, பக்கத்திலும் யாரும் இல்லை. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்களே, அந்தச் சர்க்கரை நான்தான். நான் தப்பாகச் சொன்னால் தப்பு என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சொல்ல வந்த ஒரே ஆளை அடித்துவிட்டேன். இது சாக்கு இல்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

போன வாரச் சனிக்கிழமை ஆறு பேரும் வந்தார்கள். பாலத்தடிப் பெண் நுழையும்போதே புத்தகம் எங்கேக்கா என்றாள். நான் கரும்பலகையில் 15 − 6 + 4 என்று எழுதிவிட்டு, அச்சுப்பிழை எதுவும் இல்லை, பிழை நான்தான், இருபத்தொரு வருஷமாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், சார் கேட்டபோது பொய் சொன்னேன் என்றேன். சாக்குக்கட்டி கையிலேயே உடைந்துவிட்டது. பாலத்தடிப் பெண்தான் எழுந்து வந்து, "விடுங்கக்கா, யானைக்கும் அடி சறுக்கும்" என்றாள். யானைக்கு ஒரு நாள் சறுக்கும் அம்மா, இருபத்தொரு வருஷமாகவா சறுக்கிக்கொண்டே போகும் என்று கேட்டேன். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீரும் வந்தது.

சூளைப் பள்ளி சார் மட்டும் சிரிக்கவில்லை. "நான் புத்தகம் போடற ஆபீசுக்கே எழுதிட்டேனே டீச்சர், பதிவுத் தபால்ல" என்றார். எனக்குப் பூமி பிளந்தால் நுழைந்துகொள்ளலாம் போல இருந்தது. என் பேச்சை நம்பி ஒரு மனுஷன் தன் பெயரைப் போட்டு எழுதியிருக்கிறார். மன்னித்துவிடுங்கள் என்றேன். பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. மத்தியானம் டீ குடிக்கும்போதுதான் மெல்ல வாய் திறந்து, இதைப் பிள்ளைகளுக்கு எப்படி மாற்றிச் சொல்லப் போகிறீர்கள் என்று கேட்டார். தெரியாது சார் என்றேன். இந்த வார்த்தையை நான் ஒரு பள்ளிக்கூடத்துக்குள் நின்று சொன்னது அதுதான் முதல் தடவை.

அவர் எழுந்து பலகைக்குப் போனார். பஸ்ஸில் பதினைந்து பேர். ஒரு நிறுத்தத்தில் ஆறு பேர் இறங்குகிறார்கள். அடுத்த நிறுத்தத்தில் நாலு பேர் ஏறுகிறார்கள். "ஏறப்போற நாலு பேரையும் மொதல்லயே எறக்கி விட்டுடாதீங்க டீச்சர்" என்றார். அவ்வளவுதான். ஐம்பத்திரண்டு வயதில், பிள்ளைகள் பெஞ்சில் உட்கார்ந்து, நோட்டில் எழுதிக்கொண்டேன். இனிமேல் ஒவ்வொரு கூட்டத்திலும் யாராவது ஒருவர் ஒரு பாடத்தை மற்ற ஆறு பேர் முன்னால் நடத்திக் காட்ட வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறோம். முதல் முறை நடத்தப்போவது நான்தான்.

கிளம்பும்போது மலையடிவாரப் பள்ளி டீச்சர் கைகழுவும் இடத்துக்கு என் பின்னாலேயே வந்தாள். இதுவரை எந்தக் கூட்டத்திலும் ஒரு சந்தேகம்கூடக் கேட்காத சின்னப் பெண். "டீச்சர், பின்னத்த வகுக்கும்போது ஏன் தலைகீழா போட்டுப் பெருக்கறோம்னு எனக்குத் தெரியவே தெரியாது. பிள்ளைங்க கேட்டா அதட்டி உக்கார வெச்சிடுவேன்" என்றாள். எனக்கும் சரியாகத் தெரியாது, சாரிடம் சேர்ந்து போய்க் கேட்போம் என்றேன். அவள் முகம் தெளிந்ததைப் பார்க்க வேண்டுமே.

திங்கட்கிழமை பிள்ளைகளிடம் சொன்னேன். அவர்கள் ஒன்றும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்திதான், "அப்ப இத்தன நாள் எங்களுக்குப் போட்ட டிக்கெல்லாம் அழிச்சிடுவீங்களா டீச்சர்?" என்று கவலையோடு கேட்டாள். அழிக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஆனால் உனக்குப் பின்னால் இந்த மேட்டிலிருந்து கீழே போன பிள்ளைகளை நினைத்தால்தான் தூக்கம் வருவதில்லை. மேட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்கு வராது என்று பெரிய பள்ளிக்கூடத்தில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் அவர்களோடு சண்டைக்குப் போயிருக்கிறேன். அடுத்த வாரம் அங்கே போய், இப்போதைய கணக்கு டீச்சரைப் பார்த்து, நடந்ததைச் சொல்லப் போகிறேன். பாலத்தடிப் பெண் கூட வருகிறேன் என்கிறாள். துணைக்கு ஆள் இருப்பது என்றால் என்னவென்று இந்த வயதில்தான் தெரிகிறது.

இனி உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். இதற்காகத்தான் காலையிலிருந்து மற்றதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அந்த நோட்டுகளைப் பார்த்த நாளிலிருந்து உன் போன் பேச்செல்லாம் எனக்கு வேறு மாதிரி கேட்கிறது. சாப்பிட்டாயா என்றால் சாப்பிட்டேன். குளிர் பழகிவிட்டதா என்றால் பழகிவிட்டது. கூட இருப்பவர்கள் நல்லவர்களா என்றால் நல்லவர்கள். நான் எதைச் சொன்னாலும் "சரிம்மா". எல்லாமே பின்பக்கத்து விடை. எனக்குப் பிடித்த விடை, நான் டிக் போடுகிற விடை. முன்பக்கத்தில் என்ன எழுதி வைத்திருக்கிறாய், கண்ணா? விடுப்புக் கிடைக்கவில்லை என்று ஆறு வருஷமாகச் சொல்கிறாயே, அது எந்தப் பக்கத்து விடை?

என்னிடம் தப்பைத் தப்பு என்று சொல்ல இங்கே ஆறு பேர் வந்துவிட்டார்கள். நான் செத்துப்போகவில்லை, இடிந்தும் விழவில்லை. நன்றாகச் சாப்பிடுகிறேன். ஆகவே என்னைக் காப்பாற்றுகிற வேலையை இனி நீ விட்டுவிடலாம். கை வலித்தால் வலிக்கிறது என்று சொல். வேலை பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல். அம்மா மேல் கோபம் இருந்தால் அதையும் சொல், போனில் கத்து, நான் வைக்க மாட்டேன். நீ வரும் நாளைச் சொன்னால் ஸ்கூட்டர் பின்னால் உட்கார்ந்தாவது பஸ் நிறுத்தத்துக்கு வந்து நிற்பேன்.

எங்கே இருந்தாலும் நன்றாக இரு. கோபம் தீர்ந்தபிறகு வரலாம் என்று காத்திருக்காதே. கோபத்தோடேயே வா.

உன் அம்மா